பார்த்து அத்தையும் பனிக்குள் கேட்ட குரலும்

மேகம் வந்து முட்டிக்கொண்டு நிற்கும் ஒரு மலையுச்சியில் இருபத்திரண்டு வரையாடுகள் இருந்தன. இருபத்தொன்று புல் மேய்ந்துகொண்டிருந்தன. ஒன்று மட்டும் பாறை மேல் நின்று கத்திக்கொண்டிருந்தது.

“பார்த்து! ஏய், பார்த்து! அந்தக் கல் ஆடுது! பார்த்துப் போ!”

அந்த ஒன்றின் பெயர் செம்பி. குட்டிகள் அவளுக்கு வைத்திருந்த பெயர் ‘பார்த்து அத்தை’.

வரையாடுகளிடம் ஒரு வழக்கம் உண்டு. எல்லாரும் குனிந்து மேயும்போது ஒருத்தி மட்டும் காவல் பாறையில் ஏறி நாலு பக்கமும் பார்க்க வேண்டும். சிறுத்தை தென்பட்டால் சீழ்க்கை அடிக்க வேண்டும். சீழ்க்கை கேட்டதும் மொத்தக் கூட்டமும் செங்குத்துப் பாறைக்கு ஓடிவிடும். அங்கே எந்தச் சிறுத்தையாலும் கால் வைக்க முடியாது. இந்தக் காவலை முறை வைத்துச் செய்வார்கள். இன்று ஒருத்தி, நாளை இன்னொருத்தி.

செம்பி மட்டும் யாருக்கும் முறை கொடுப்பதில்லை.

“நீ போய் மேயி. நான் பார்த்துக்கறேன்.”

“நேத்தும் நீதானே நின்னே, அத்தை?”

“அதனால என்ன? உனக்குப் பார்க்கத் தெரியாது. போ!”

மேயப் போ என்றால் யாருக்குத்தான் கசக்கும்? போனார்கள். நன்றி சொன்னார்களா? இல்லை. ஒருத்தி ஒரு வேலையை நாலு வருஷம் செய்துவிட்டால் அது அவளுடைய வேலை ஆகிவிடுகிறது. அப்புறம் அவளும் பாறையோடு பாறையாகிவிடுகிறாள். பாறைக்கு யார் நன்றி சொல்வார்கள்?

செம்பி ஏன் அந்தப் பாறையை விட்டு இறங்குவதே இல்லை? பொறுப்பு என்று கூட்டத்தில் எல்லாரும் நினைத்தார்கள். அவளும் அப்படித்தான் சொல்லிக்கொண்டாள். உண்மை வேறு. அவளுக்குத் தாவப் பயம்.

ஒரு வரையாட்டுக்குத் தாவப் பயம்! வெளியே சொல்லிக்கொள்ளக் கூடிய விஷயமா இது?

மலையின் ஓரத்தில் ஒரு பிளவு இருந்தது. மலையை யாரோ ரொட்டி மாதிரிப் பிட்டு வைத்ததுபோல இந்தப் பக்கம் ஒரு விளிம்பு, அந்தப் பக்கம் ஒரு விளிம்பு. நடுவில் ஒன்றுமில்லை. வரையாடுகள் அதற்கு ‘ஒருதாவல்’ என்று பெயர் வைத்திருந்தன. ஒரு தாவல் தாவினால் அந்தப் பக்கம். விஷயம் அவ்வளவுதான், எனவே பெயரும் அவ்வளவுதான்.

செம்பி மூன்று மாதக் குட்டியாக இருந்தபோது அவள் வயதுக் குட்டிகள் எல்லாம் அந்த விளிம்பில் நின்று விழித்துக்கொண்டிருந்தன. அவள் தோழி கோணக்கொம்பி, “உன்னால முடியாதுடி!” என்றாள். கொம்பி வாயை மூடுவதற்குள் செம்பி அந்தப் பக்கம் நின்றாள். அங்கே பேச ஆள் இல்லை என்பதால் உடனே திரும்பியும் வந்துவிட்டாள். அன்றைக்கு மட்டும் பதினோரு தடவை தாவினாள். பன்னிரண்டாவது தடவைக்குள் அவள் அம்மா வந்து காதைக் கடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

அப்படிப்பட்டவளுக்கு என்ன ஆயிற்று? விழுந்தாளா? இல்லை. அடிபட்டதா? அதுவும் இல்லை. ஒன்றுமே நடக்கவில்லை. அதுதான் வேடிக்கை.

அவளுக்கு ஒரு பெண்குட்டி பிறந்தது. அது முதல் தடவை ஒருதாவலின் விளிம்புக்கு வந்தபோது, செம்பி எல்லா அம்மாக்களும் சொல்வதைச் சொன்னாள்.

“பார்த்து!”

சொன்ன பிறகு, எதைப் பார்க்கச் சொன்னோம் என்று தானும் எட்டிப் பார்த்தாள். அதுவரை அவள் கீழே பார்த்ததே கிடையாது. அடியிலே, அதலபாதாளத்தில், நூல் மாதிரி ஒரு ஓடை தெரிந்தது.

குட்டி தாவி அந்தப் பக்கம் போய்விட்டது. செம்பி இந்தப் பக்கமே நின்றுவிட்டாள்.

நல்லவேளையாக ஒரு சுற்றுவழி இருந்தது. மலையை விட்டு இறங்கி, சோலைக்காட்டுக்குள் புகுந்து, மறுபடி ஏறினால் இரண்டு நாளில் எதிர்மலை. ஒவ்வொரு ஆடியிலும் இந்தப் பக்கம் மழையும் காற்றும் பேயாக அடிக்கும். அப்போது கூட்டம் முழுவதும் ஒருதாவலைத் தாண்டி எதிர்மலைக்குப் போய்விடும். மூன்று மாதம் கழித்துத் திரும்பும். செம்பி மட்டும், “முட்டி வலிக்குது, நீங்க முன்னாடி போங்க” என்று சொல்லிவிட்டுச் சுற்றிக்கொண்டு போவாள். ஆறு வருஷம் இப்படியே ஓடியது. அவள் மகள் வளர்ந்து வேறொரு கூட்டத்தோடு வேறொரு மலைக்குப் போய்விட்டாள். செம்பியின் முட்டி வலி மட்டும் எங்கும் போகவில்லை.

போன ஐப்பசி மழையில் அந்தச் சுற்றுவழி சரிந்து விழுந்தது. காவல் பாறையிலிருந்து அதை முதலில் பார்த்தவளே செம்பிதான். யாருக்கும் சீழ்க்கை அடிக்கவில்லை.

ஆடி வந்தது. கூட்டம் விளிம்பில் வரிசைகட்டி நின்றது. இப்போது கூட்டத்துக்குத் தலைவி கோணக்கொம்பி. அவள் நேராகக் காவல் பாறைக்கு வந்தாள்.

“கிளம்புடி செம்பி. காத்து கொஞ்சம் அடங்கியிருக்கு.”

“நீங்க போங்க. நான் சுத்தி வர்றேன்.”

“சுத்துவழி எங்கடி இருக்கு? அது ஐப்பசியிலேயே போயாச்சு. எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா?”

செம்பி மலையைச் சுற்றிப் பார்த்தாள். பிறகு, “அப்போ நான் இங்கேயே இருந்துடறேன். இந்தப் பக்கத்தை யாராவது பார்த்துக்க வேண்டாமா?” என்றாள்.

“யாருக்காகப் பார்த்துப்பே? நாங்க எல்லாரும்தான் போறோமே!”

“புல்லு இருக்கு. பாறை இருக்கு.”

“புல்லை எவனாவது தூக்கிட்டுப் போயிடுவானா? நீ சீழ்க்கை அடிச்சா பாறை எழுந்து ஓடுமா?”

“முட்டி வலிக்குதுடி.”

“எந்த முட்டி?”

“இடது.”

“போன வருஷம் வலதுன்னு சொன்னே!”

குட்டிகள் கிளுக்கென்று சிரித்தன. செம்பிக்கு முகம் சுருங்கியது. கொம்பி அதைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தாள்.

“மூணு மாசம்டி. மழையில. தனியா. கூட்டமா இருந்தாத்தான் நமக்கு உயிரு. உனக்கு நான் சொல்லணுமா?”

“நான் ஜாக்கிரதையா இருப்பேன்.”

“இருப்பே. ஜாக்கிரதையா இருந்தே செத்துப் போவே.”

கொம்பி திரும்பிப் பார்க்காமல் போனாள். ஒவ்வொருத்தராகத் தாவினார்கள். கிழவர்கள் தாவினார்கள். போன தை மாதம் பிறந்தவை தாவின. கடைசிக் குட்டி விளிம்பில் நின்று பாறையைத் திரும்பிப் பார்த்தது. அத்தை ஏதாவது சொல்லுவாள் என்று காத்திருந்த மாதிரி இருந்தது. அத்தை வாயைத் திறக்கவில்லை. குட்டி தாவிப் போயிற்று.

பனி வந்து எல்லாவற்றையும் மூடியது.

தனிமை என்று எல்லாரும் சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். செம்பிக்கு அது முதல் நாள் இப்படி இருந்தது: புல் அசைந்தது, அவள் பழக்கத்தில் “பார்த்து!” என்று கத்தினாள். புல்லுக்கு. அப்புறம் வெட்கமாகிவிட்டது. அவள் வெட்கப்பட்டதைப் பார்க்கவும் யாரும் இல்லை.

நாலு பக்கமும் பார்த்தாள். நாலு பக்கமும் வெள்ளை. தன் குளம்பே தனக்குத் தெரியவில்லை. காவல் முறை என்று எதைக் காப்பது? ஆனாலும் இறங்கவில்லை. நின்றாள். மழை காதுக்குள் போனது. உதறினாள். மறுபடி நின்றாள்.

இரண்டாம் நாள் பனிக்குள்ளிருந்து ஒரு குரல் கேட்டது.

“யாருக்கா அங்கே? தனியாவா நிக்கறீங்க?”

செம்பிக்குத் தூக்கிவாரிப் போட்டது. “யாரு நீ?”

“நான் ஒரு கடமான்க்கா. என்னையும் எங்க கூட்டம் விட்டுட்டுப் போயிடுச்சு. சோலை ஓரமா ஒதுங்கியிருக்கேன். பயப்படாதீங்க.”

அது கடமானா? இல்லவே இல்லை. அது ஒரு கிழட்டுச் சிறுத்தை. பல் பாதி போய்விட்டது. நகம் மழுங்கி, காலும் தளர்ந்துவிட்டது. அதனால் ஓட முடியாது, பாறையில் ஏற முடியாது. பேச மட்டும் நன்றாக முடியும். காற்று செம்பியின் பக்கமிருந்து தன் பக்கம் அடிக்கிற மாதிரி இடம் பார்த்துப் படுத்துக்கொள்ளும். அதன் வாசனை அவளுக்கு எட்டாது. பனியில் உருவமும் தெரியாது.

நாலு வருஷம் மலையின் அத்தனை மூலைமுடுக்கையும் கண்காணித்தவளுக்கு, பேசுவது யார் என்று கொஞ்சம் விசாரிக்கத் தோன்றவில்லையா என்று கேட்பீர்கள். தோன்றியது. ஒரே ஒரு கேள்வியும் கேட்டாள்.

“கடமான்னா என்ன மேயறே இந்த மழையில?”

சிறுத்தை திணறியது. “புல்லுதான்க்கா.”

“எந்தப் புல்லு?”

“அது… பச்சையா இருக்குமே, அந்தப் புல்லு.”

இந்தப் பதிலுக்கு ஒரு குட்டிகூட ஏமாந்திருக்காது. செம்பி ஏமாந்தாள். புல்லைப் பற்றித் தெரியாத கடமான் எங்கேயாவது உண்டா என்று மனதில் ஒரு மூலை கேட்டது. பேச்சுத்துணை போய்விடுமே என்று இன்னொரு மூலை அதன் வாயை அடைத்தது.

“உங்க கூட்டம் ஏன்க்கா உங்களை விட்டுட்டுப் போச்சு?”

“அவங்க விடலை. நான்தான் வரலைன்னுட்டேன். எனக்கு முட்டி வலி.”

“அய்யோ பாவம்! முட்டி வலியோட எப்படித் தாவறது? கொஞ்சமாவது அறிவு வேண்டாமா அவங்களுக்கு?”

“அதைத்தான் நானும் சொன்னேன்!”

“வயசானா நிதானம் வேணும்க்கா. உங்களை மாதிரிப் பொறுப்பா யாரு இருக்கா? ஆடிக்கிட்டும் குதிச்சுக்கிட்டும் போறவங்களுக்கு என்ன தெரியும்?”

செம்பிக்குக் கண் கலங்கியது. எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு, அவள் சொல்வதை ஒருவர் முழுதாகக் கேட்கிறார். குறுக்கே பேசவில்லை. எந்த முட்டி என்று கேட்கவில்லை. சிரிக்கவில்லை.

அன்றிலிருந்து தினமும் பேச்சுத்தான். மழை விட்டால் பேச்சு, மழை பெய்தால் இன்னும் கொஞ்சம் உரக்கப் பேச்சு. எதிர்விளிம்பிலிருந்து ஓர் ஓசை வந்த மாதிரிக்கூட ஓரிரு தடவை தோன்றியது. காற்றாக இருக்கும் என்று விட்டுவிட்டாள். செம்பி தன் பயங்களை எல்லாம் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். பிளவின் ஆழம். வழுக்குப் பாறை. ஆடிக் காற்று. விழுந்தால் எடுக்கக்கூட ஆள் வராது. மகள் போனதிலிருந்து ஒரு கால் தன்னுடையது மாதிரியே இல்லை. இனிமேல் தாவி யாருக்கு என்ன ஆகப்போகிறது?

ஒவ்வொன்றுக்கும் குரல், “ரொம்பச் சரிக்கா!” என்றது.

குரல் முதலில் சோலை ஓரத்திலிருந்து வந்தது. நாலாம் நாள் முறிந்த மரத்துக்குப் பக்கத்திலிருந்து வந்தது. ஏழாம் நாள் அதற்கும் இந்தப் பக்கம், குத்துச்செடிகளுக்குள்ளிருந்து வந்தது. மெதுவாகப் பேசினாலே கேட்டது. நம்மிடம் நெருங்கிப் பழகுகிறது என்று செம்பி சந்தோஷப்பட்டாள். பிளவை ஆறு வருஷம் இமைக்காமல் பார்த்தவள், இதைப் பார்க்கவில்லை.

ஒன்பதாம் நாள் மழை சாட்டையால் அடிப்பதுபோல அடித்தது. செம்பி நடுங்கிக்கொண்டு நின்றாள்.

“அக்கா, எதுக்கு அங்கே நின்னு நனையறீங்க? இங்கே பாறைக்கு அடியில ஒரு குடைவு இருக்கு. சொட்டுத் தண்ணி இறங்கலை. வாங்க, ரெண்டு பேரும் ஒண்டிக்கலாம்.”

“காவல்…”

“இந்த மழையில எவன்க்கா வருவான்?”

செம்பி யோசித்தாள். ஒன்பது நாளாக ஓர் உடம்பின் சூடு பக்கத்தில் இல்லை. கூட்டத்தில் இருந்தபோது மழை வந்தால் எல்லாரும் நெருக்கியடித்து நிற்பார்கள். எவள் வயிறு எவள் முதுகு என்று தெரியாது. அந்தச் சூட்டுக்காக அவள் ஒரு காலை எடுத்துக் கீழே வைத்தாள். இன்னொரு காலை வைத்தாள். பாறையை விட்டுப் புல்லில் இறங்கினாள்.

சிறுத்தைக்கு வாயில் நீர் ஊறியது. சும்மா இருந்திருந்தால் காரியம் முடிந்திருக்கும். ஆனால் ஒன்பது நாள் பேசிப் பேசி அதற்கும் வாய் நீண்டுவிட்டது. எங்கே இவள் வழுக்கிப் பள்ளத்தில் விழுந்து, தனக்குக் கிடைக்காமல் போய்விடுவாளோ என்று பதறிப்போய்ச் சொன்னது:

“பார்த்துக்கா! பார்த்து வாங்க!”

ஆறு வருஷமாக அந்த வார்த்தையை மற்றவர்களுக்குச் சொன்னவள் செம்பி. அவளுக்கு யாரும் சொல்லி எத்தனையோ வருஷம் ஆயிற்று. சொன்னதும் நின்றாள். சொன்னபடி செய்தாள். நன்றாகப் பார்த்தாள்.

காற்று பனியைக் கிழித்தது. பதினைந்து அடி தூரத்தில், குத்துச்செடிக்குக் கீழே, புள்ளி போட்ட ஒரு வால் நுனி அசைந்தது.

கடமானுக்கு ஏது புள்ளி?

செம்பி சீழ்க்கை அடித்தாள். யாருக்கு அடித்தாள் என்று கேட்காதீர்கள், அது தானாக வந்தது. அடித்துக்கொண்டே பக்கவாட்டில் பாய்ந்தாள். சிறுத்தை எழுந்து குறுக்கே வந்தது. இப்போது அவளுக்கு ஒரு பக்கம் ஒருதாவலின் விளிம்பு. இன்னொரு பக்கம் சிறுத்தை. அதற்குப் பின்னால் காவல் பாறை.

சிறுத்தை பாயவில்லை. பாய்ந்தால் அவள் பிளவில் விழுவாள், அவ்வளவு ஆழத்திலிருந்து யார் எடுப்பது? அதனால் அது உட்கார்ந்துகொண்டது. பழைய குரலிலேயே பேசியது.

“பயந்துட்டியாக்கா? நான்தான். தினம் பேசற அதே ஆளுதான்.”

“கடமான்னு சொன்னே!”

“பேர்தான் பொய். பேச்சு பொய்யா? உன் முட்டி வலியை யாரு கேட்டா? உன் மக கதையை யாரு கேட்டா? உங்க கூட்டத்துல ஒருத்தராவது கேட்டாங்களா?”

செம்பி யோசித்துப் பார்த்தாள். அது உண்மைதான்.

“இதோ பாரு, நான் தள்ளிப் படுத்துக்கறேன்.” சொன்னபடியே சிறுத்தை விலகியது. காவல் பாறைக்குப் போகிற வழி திறந்துகொண்டது. “நீ உன் பாறைக்கு ஏறிக்கோ. நான் தொடமாட்டேன். நாளைக்கும் பேசலாம். உனக்கும் யாரும் இல்லை, எனக்கும் யாரும் இல்லை.”

செம்பி பாறையைப் பார்த்தாள். பத்து எட்டில் ஏறிவிடலாம். அங்கே எந்த ஆபத்தும் இல்லை. நாளைக்கு அது பேசும், அவள் கேட்பாள். நாளை மறுநாளும் பேசும். என்றைக்காவது ஒருநாள் குளிரிலோ பசியிலோ அவள் கீழே இறங்குவாள். அது அதற்குத் தெரியும். அவளுக்கும் இப்போது தெரியும். ஆனால் அதுவரைக்கும் ஒரு குரல் இருக்கும்.

வெட்கத்தை விட்டுச் சொல்ல வேண்டுமென்றால், அவளுக்கு ஆசையாகத்தான் இருந்தது. அவ்வளவு தனியாக இருந்தாள் அவள்.

அவள் ஓர் அடி எடுத்து வைத்தாள். பாறைப் பக்கம் இல்லை, விளிம்புப் பக்கம்.

சிறுத்தை சட்டென்று எழுந்தது. “அக்கா! என்ன பண்றே? முட்டி வலி இருக்குல்ல!”

செம்பி இன்னோர் அடி வைத்தாள்.

“வயசாச்சுக்கா! பாறை வழுக்கும்க்கா! ஆடிக் காத்துக்கா! விழுந்தா எடுக்க ஆள் கிடையாதுக்கா! இனிமே தாவி யாருக்கு என்ன ஆகப்போகுது?”

வரிசையாக, ஒன்று விடாமல் ஒப்பித்தது. எல்லாம் அவள் சொல்லிக்கொடுத்தவை. தன் வாயிலிருந்து வந்தபோது நியாயமாக இருந்தவை, அந்தப் பாதிப் பல் போன வாயிலிருந்து வந்தபோது எப்படி இருந்தன! இத்தனை நாள் நாம் பேசியது நமக்காகத்தானா, அல்லது நம்மைத் தின்னக் காத்திருந்ததற்காகவா என்று அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

விளிம்புக்கு வந்தாள். பனி விலகியிருந்தது. ஆழம் அடிவரை தெரிந்தது. நூல் மாதிரி இருந்த ஓடை, மழையில் பருத்து வெள்ளையாக ஓடியது. பயம் போய்விட்டது என்று நினைத்தீர்களா? எங்கேயும் போகவில்லை, முழுசாக அங்கேயேதான் இருந்தது.

குட்டியாக இருந்தபோது இவ்வளவு ஆழத்தை எப்படித் தாவினோம் என்று யோசித்தாள். ஆழத்தைத் தாவவே இல்லை! ஆழம் இருப்பதே அப்போது தெரியாது. அந்தப் பக்கம் கால் வைக்க ஒரு கல் தெரியும். அதைப் பார்ப்பாள். கால் போய் அதில் நிற்கும்.

செம்பி தலையை நிமிர்த்தினாள். எதிர்விளிம்பைத் தேடினாள். பாசி படாத, குளம்பு அகலத்துக்கு ஒரு கல் தெரிந்தது. அதைப் பார்த்தாள். அதை மட்டும் பார்த்தாள்.

“அக்காஆஆ!”

தாவிவிட்டாள்.

அழகாகத் தாவினாள் என்று சொல்ல ஆசைதான். ஆனால் அப்படியில்லை. முன்னங்கால் இரண்டும் கல்லில் விழுந்தன. பின்னங்கால் ஒன்று வழுக்கியது. வயிறு பாறையில் தேய்ந்தது. முட்டி நன்றாக அடிபட்டது, இடது முட்டிதான். ஆறு வருஷத்தில் முதல் தடவையாக அது நிஜமாகவே வலித்தது. உதைத்து, இழுத்து, மூச்சுமுட்டி மேலே வந்து விழுந்தாள்.

எழுந்து நின்றதும் முதலில் சுற்றும்முற்றும் பார்த்தாள். சொல்ல யாராவது இருக்கிறார்களா என்று. இல்லை. குளம்புத் தடங்களில் மழைத்தண்ணீர் நின்றது. தலைவி இல்லை, குட்டிகள் இல்லை. ஆறு வருஷம் கழித்து ஒருதாவலைத் தாண்டியிருக்கிறாள், ஒரு காக்காய்கூடப் பார்க்கவில்லை. இவ்வளவு பெரிய காரியங்கள் பெரும்பாலும் இப்படித்தான் நடக்கின்றன. கைதட்ட ஆள் இருக்காது.

பார்த்தது சிறுத்தை ஒன்றுதான். அது எதிர்விளிம்பில் நனைந்துகொண்டு நின்றது. கிழமாக, எலும்பும் தோலுமாக.

“அக்கா, நாளைக்கு நான் யார்கூடப் பேசறது?”

செம்பிக்கு ஒரு கணம் பாவமாகக்கூட இருந்தது.

“ஒன்பது நாள் காது கொடுத்துக் கேட்டே. அதுக்கு ரொம்ப தேங்க்ஸ். போ!” என்றாள். திரும்பி நடந்தாள்.

எதிர்மலையில் இரண்டு நாள் தனியாக நடந்தாள். வழியில் சின்னச் சின்னப் பிளவுகள் வந்தன. சுற்றிக்கொண்டு போகலாம். போகவில்லை. சிலவற்றைத் தாவ வேண்டிய அவசியமே இல்லை, நடந்தே போகலாம். அவற்றையும் தாவினாள். ஒரு தடவை வழுக்கி உட்கார்ந்தேவிட்டாள். எழுந்து, பின்னுக்குப் போய், அதையே மறுபடி தாவினாள். மழை பெய்தது. பேச ஆள் இல்லை. ஆனால் காலுக்குக் கீழே பாறை வந்து வந்து தட்டியது, யாரோ “உம், உம்” என்று கேட்டுக்கொண்டே வருகிற மாதிரி.

மூன்றாம் நாள் காலை வெயில் எட்டிப் பார்த்தபோது கூட்டம் கண்ணில் பட்டது. ஒரு மேட்டில் கோணக்கொம்பி காவல் நின்றுகொண்டிருந்தாள். நொண்டிக்கொண்டு வருகிற உருவத்தை முறைத்துப் பார்த்தாள். சீழ்க்கைக்கு உதடு குவித்தாள். பிறகு மேட்டிலிருந்து ஒரே பாய்ச்சலாக இறங்கி ஓடிவந்தாள்.

“யாருடி உன்னைக் கூட்டிட்டு வந்தது?”

“யாரும் இல்லை. நானே வந்தேன்.”

“எந்த வழியா?”

“ஒருதாவல் வழியா. வேற வழி எங்கடி இருக்கு?”

கொம்பி அவள் வயிற்றுச் சிராய்ப்பைப் பார்த்தாள். வீங்கிய முட்டியைப் பார்த்தாள். சிரிப்பு வரவில்லை அவளுக்கு. நெற்றியால் செம்பியின் தோளில் ஒரு முட்டு முட்டினாள், வலிக்கிற மாதிரி.

“மூணு நாள் அந்த விளிம்பிலேயே நின்னேன்டி, கூட்டத்தைக் கொண்டுபோய் விட்டுட்டுத் திரும்பி வந்து. உன் பேரைச் சொல்லிக் கத்தினேன். ஒண்ணும் ஆகாது வாடின்னு கத்தினேன். தொண்டையே போச்சு. உனக்குக் கேக்கவே இல்லையா?”

செம்பி தலையைக் குனிந்துகொண்டாள்.

“கேக்கலைடி. நான் அப்போ வேற ஒருத்தரோட பேசிட்டிருந்தேன்.”

சின்ன வயதில் இருந்த தைரியம் வயதானதும் நம்மை விட்டுப் போய்விடுவதில்லை. பயத்தோடு உட்கார்ந்து பேசுவதை நிறுத்திவிட்டுக் காலை எடுத்து வைக்கிற வரைக்கும் அது இருப்பது நமக்கே தெரிவதில்லை, அவ்வளவுதான்.